தரவு உடன்பாடு (நோர்வே)

தரவு உடன்பாடு என்பது, பணியிடங்களில் கணினி முறைமைகளைப் புகுத்துவது குறித்து நோர்வேயின் தொழிற்சங்கங்களும் வேலைதருவோரும் 1970களில் செய்துகொண்ட உடன்பாடுகளைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது, நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் வேலைதருவோர் கூட்டமைப்பும் 1975 இல் செய்துகொண்ட தேசிய உடன்பாடு ஆகும்.

பின்னணி

ஒசுலோவிலுள்ள நோர்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நியூகோர் (1926–2002), ஓலே-யோகான் டால் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா என்னும் நிரல் மொழியை உருவாக்கினர். பொருள் நோக்கு நிரலாக்கம் இதிலிருந்தே தோன்றியது. சி++, ஜாவா முதலியன இதன் வழிவந்தவை. தொழிலக வேலைகளை ஆராய்ந்து திட்டமிடவும் சிமுலா பயன்பட்டது. இதனால் வேலை எந்திரத்தனமாகி, தொழிலாளரின் அறிவுக்கும் திறனுக்கும் மதிப்புக் குறையும் என நியூகோர் கவலை கொண்டார். தாம் உருவாக்கிய கருவி யாரை எப்படிப் பாதிக்கிறது என்று இவ்வளவு தூரம் பின்தொடர்ந்த நிரலாளர்கள் மிகச் சிலரே.

1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து ஓர் ஆய்வுத் திட்டத்தை மேற்கொண்டார். வல்லுநர்கள் ஆராய்ந்து சங்கத்துக்கு அறிக்கை தருவது என்பதே முதல் ஏற்பாடு. ஆனால் அத்தகைய அறிக்கைகளால் ஆலைக்குள் எதுவும் மாறாது என்பது விரைவில் புலப்பட்டது. எனவே தொழிலாளரும் சங்கமும் எடுக்கும் நடவடிக்கைகளே ஆய்வின் முடிவுகளாகக் கொள்ளப்படும் எனத் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. நான்கு ஆலைகளில் தொழிலாளரே குழுக்களாகக் கூடித் தத்தம் ஆலையின் கணினி முறைமைகளை ஆராய்ந்தனர். அவர்களுக்கெனப் பாடநூலும் எழுதப்பட்டது.

உள்ளடக்கம்

புதிய முறைமை பற்றிய முடிவு எடுக்கப்படும் முன்பே சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தொழில்நுட்ப, பொருளாதாரக் காரணங்களுடன் சமூக விளைவுகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். கணினி தொடர்பான அலுவல்களுக்கெனத் தொழிலாளர் தனியே 'தரவுப் பிரதிநிதி' ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். விவரங்கள் சிறப்பறிவு இல்லாதோருக்கும் விளங்கும் மொழியில் தரப்பட வேண்டும் என்ற விதி சிறியதாகத் தோன்றினும் வலிமை மிக்கது. புரியாத கலைச்சொற்களைக் காட்டித் தொழிலாளரை வாயடைக்கச் செய்வது அதன் பின் எளிதன்று. 1977 இல் இயற்றப்பட்ட பணிச்சூழல் சட்டத்திலும் இதையொத்த உரிமைகள் இடம்பெற்றன.

மட்டுப்பாடுகள்

உடன்பாடு தகவல் பெறும் உரிமையையும் கலந்துபேசும் உரிமையையும் தந்தது. ஒரு முறைமையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைத் தரவில்லை. தரவுப் பிரதிநிதிகள் நாளடைவில் நிருவாகத்தின் கண்கொண்டே பார்க்கத் தொடங்கிவிடுவர் என்ற குறையும் கூறப்பட்டது. மேலும், சந்தையில் கிடைத்த மென்பொருள்கள் எல்லாமே நிருவாகத்தின் தேவைக்கு ஏற்ப உருவானவை. சங்கம் மாற்றாக முன்வைக்க வேறொன்று இருக்கவில்லை.

இக்குறையைப் போக்க, நோர்டிக் அச்சுத் தொழிலாளர் சங்கத்துடன் சுவீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் 1981 இல் 'உட்டோப்பியா' திட்டத்தைத் தொடங்கினர். செய்தித்தாள் பக்க வடிவமைப்புக்கான கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை, அட்டையாலும் ஒட்டுப்பலகையாலும் மாதிரிகள் செய்து அச்சுத் தொழிலாளரே இயக்கிப் பார்த்தனர். பங்கேற்பு வடிவமைப்பு எனப் பின்னர் அறியப்பட்ட துறையின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.