காலிக் கட்டமும் குண்டூர் கிரகணமும்

போன வாரம் சங்கரன்கோவில்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கிற மருமகன் தனிம அட்டவணையைக் காட்டி, "மாமா, இதை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?"னு கேட்டான். நானும் புரியாமலே மனப்பாடம் பண்ணின ஆசாமிதான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதல்ல மாசக் காலண்டரைக் காட்டினேன். தேதி ஏறிக்கிட்டே போனாலும் வெள்ளிக்கிழமை எல்லாம் ஒரே வரிசையில நிக்குது. எந்த வெள்ளின்னாலும் கோமதியம்மன் சன்னதியில கூட்டம்தான். தேதிகளை ஒரே நீளமா எழுதினா இது கண்ணுல படுமா?

1789-ல லவாய்சியர் 33 'எளிய பொருட்களை'ப் பட்டியல் போட்டார். ஒளி, வெப்பம்கூட அதுல உண்டு! ஆனா எது விட்டுப்போச்சுன்னு பட்டியல் சொல்லாது. 1862-ல ஷான்கூர்துவாங்கிற பிரெஞ்சு நிலவியலாளர், உருளை மேல திருகு மாதிரி தனிமங்களை எழுதினார். ஒத்த குணமுள்ளவை ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா வந்தன. கட்டுரை அச்சானப்போ படத்தை விட்டுட்டாங்க. வேதியியல்காரங்க கண்டுக்கவே இல்லை.

1869-ல மெண்டலீவ், அப்போ தெரிஞ்ச 63 தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். குணம் பொருந்தாத இடத்துல அடுத்ததை இழுத்து அடைக்காம, காலியா விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலி இடத்துக்கு 'ஏக அலுமினியம்'னு சமஸ்கிருத எண்ணை வச்சுப் பேரும் வச்சார். 1875-ல அந்தக் காலிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது காலியம். (பேர் சத்தியமா நான் வச்சதில்லைங்க!) கண்டுபிடிச்சவர் அடர்த்தி 4.7ன்னார். அதைக் கண்ணாலயே பார்க்காத மெண்டலீவ், 5.9 இருக்கணும், திரும்ப அளங்கன்னார். 5.9 தான் வந்துச்சு.

ஆனா அட்டவணையும் ஏமாந்திருக்கு. அந்தக் கதை ஆரம்பிச்சது நம்ம பக்கத்துல. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர்ல ஜான்சனும், மசூலிப்பட்டினத்துல சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்பின் ஒளியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அதுல ஒரு மஞ்சள் கோடு. அது சோடியத்தோடது இல்லைன்னு அதே அக்டோபர்ல இங்கிலாந்துல லாக்யர் தெளிவாக் கண்டார். அதுதான் ஹீலியம்.

மெண்டலீவ் அதை ஏத்துக்கலை. அட்டவணையில அதுக்குன்னு காலிக் கட்டம்கூட இல்லை. பந்தியில ஒருத்தர் வரலைன்னா இலை காலியாத் தெரியும். ஒரு குடும்பத்தையே அழைக்கலைன்னா இலையே போட்டிருக்க மாட்டோம்ல? எதோடயும் லேசுல சேராத வாயுக்கள், அதனால யார் கண்ணுலயும் படலை. 1894-ல ஆர்கான், 1895-ல ராம்சே பூமியிலேயே பிடிச்ச ஹீலியம், 1898-ல நியான், கிரிப்டான், செனான். கடைசியில ஒரு வரிசையே புதுசாப் போட வேண்டியதாச்சு.

"அப்போ இந்த 118-க்கு அப்புறமும் இருக்குமா மாமா?"ன்னான்.

"ஏழு வரிசையும் நிரம்பிருச்சு. 119 வந்தா எட்டாவது வரிசை போடணும்"னேன்.

பென்சிலை எடுத்து அடியில ஒரு காலிக் கட்டம் போட்டான். எனக்கு அது போதும். அக்காதான், "பரீட்சைக்குப் படிக்கிறவனைக் கெடுக்காதடா"ன்னு திட்டிக்கிட்டே காபி குடுத்தா.