திண்டுக்கல் கோட்டையும் தேறாத முடிவுகளும்

‘மன்திக்’ எனும் தருக்கக் கலையைத் தொடங்கும் மத்ரஸா மாணவர், 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்அப்ஹரீ இயற்றிய ‘ஈஸாகோஜி’ என்னும் சிறு நூலை ஓதுவது நெடுநாள் வழக்கம். முன்வைக்கும் கூற்று ‘முகத்திமா’. அதினின்று பிறக்கும் முடிவு ‘நதீஜா’. கூற்று மெய்யாயிருந்தால் மட்டும் போதாது; முடிவு அதன் வயிற்றில் பிறந்த பிள்ளையாகவும் இருத்தல் வேண்டும். வரலாறு பேசுகையில் நாம் பெரிதும் மறப்பது இவ்விதியையே.

எங்கள் திண்டுக்கல்லையே காண்போம். 1755இல் ஹைதர் அலி இங்கு பவுஜ்தாராக அமர்ந்தார். பின்னர் திப்பு சுல்தானின் ஆட்சி நடந்தது. 1790இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை அவர்கள் வசமாயிற்று. ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருப்பது பேகம்பூரில். இவை யாவும் மெய்.

“ஆகவே இவ்வூர் முஸ்லிம்கள் மைசூர்ப் படையோடு வந்தவர்கள், அன்றேல் வாளுக்கு அஞ்சி மாறியவர்கள்” என்று சிலர் முடிக்கின்றனர். அரசு யாருடையது என்பது ஒரு செய்தி. குடிகள் எப்போது, எவ்வாறு வந்தனர் என்பது வேறொரு செய்தி. இரண்டையும் இணைக்க, “மைசூராருக்கு முன் இப்பக்கத்தில் முஸ்லிம்களே இல்லை” என்ற மூன்றாம் கூற்று வேண்டும். அதுவோ நிற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே மதுரையில் சுல்தான்கள் ஆண்டனர். இப்னு பதூதா நேரில் வந்து கண்டு சென்றார். வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ மதுரையில் அரங்கேறியது 1572இல். ஹைதர் திண்டுக்கல்லில் அமர்வதற்கு 183 ஆண்டுகள் முன்பு.

நம்மவரும் இத்தவற்றுக்கு விலக்கல்லர். “கோட்டையில் ஹைதரும் திப்புவும் இருந்தனர், ஆகவே கட்டியவரும் அவர்களே” என்று பெருமையோடு சொல்வாருண்டு. 1605இல் அதனை எழுப்பியவர் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர். மைசூரார் பின்னர் வலுப்படுத்தினர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இதுவும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதுரையில் நூல் அரங்கேறியதால், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள திண்டுக்கல்லிலும் அன்றே நம் முன்னோர் வாழ்ந்தனர் என்பது தேறாது. அதற்கு இவ்வூர்க் கல்வெட்டோ, பழம்பத்திரமோ சான்று கூற வேண்டும். அதுபோலவே, ஒரு முடிவு தேறவில்லை என்பதாலேயே அது பொய்யென்றும் ஆகிவிடாது. படையோடு வந்து தங்கிய குடும்பங்களும் இருக்கலாம்.

“நாம் எப்போது இங்கு வந்தோம்?” என்று பிள்ளைகள் கேட்கையில், பிறர் ஏச்சையும் நம் பெருமிதத்தையும் விடையாகத் தராதிருப்போம். வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய பத்திரங்களை எடுத்து, அவர்களோடு அமர்ந்து படிப்போம்.