சர்ச்சில் குரலும் மும்பைக் கூச்சலும்: ஒரு நேரடி ஒலிப்பதிவின் கதை

திருப்பூர் காதர்பேட்டைக்குள் ஒரு முறை நுழைந்து வந்தவர்களுக்குத் தெரியும், ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய டீ-ஷர்ட்டுகள் அங்கே எப்படிக் குவியல் குவியலாகக் கிடக்கும் என்று. மண்டை ஓடு, எலும்புக்கூடு, நெருப்பு என்று பயமுறுத்தும் படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு திரியும் பையன்களையும் ஊரில் பார்க்கலாம். அது எந்த இசைக்குழுவின் படம் என்று போட்டிருப்பவர்களில் பலருக்கே தெரியாது. (தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை!)

இந்த எலும்புக்கூடு வகையறாவில் உலகப் புகழ் பெற்றது 'எடி'. லண்டனின் கிழக்குப் பகுதியில் 1975-ல் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் சின்னம் அது. இந்தக் குழு 2008-ல் உலகம் சுற்றியபோது எடுத்த நேரடி ஒலிப்பதிவு 'ஃப்ளைட் 666'. அடுத்த ஆண்டு படமாகவும் இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு பதிவானது நம் மும்பையில். அந்த முதல் சில நிமிடங்களுக்குள் ஒரு விசித்திரமான வரலாறு ஒளிந்திருக்கிறது.

முதலில் நேரடி ஒலிப்பதிவு பற்றிக் கொஞ்சம். ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பத்துத் தடவை பாடி நல்லதை வைத்துக்கொள்ளலாம். மேடையில் அது நடக்காது. பாடகர், கிட்டார், ட்ரம்ஸ் என்று ஒவ்வொன்றின் ஒலியையும் தனித்தனியாகப் பிரித்துப் பதிவு செய்வார்கள். கூடவே கூட்டத்தைப் பார்த்தபடியும் சில மைக்குகளை வைப்பார்கள். அந்த மைக்குகள்தான் உயிர். அவை இல்லாவிட்டால் நேரடிப் பதிவு என்பது சுமாராக வாசித்த ஸ்டுடியோ பதிவு, அவ்வளவுதான். டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் எடுத்த 'மேட் இன் ஜப்பான்' தான் பலருக்கு இந்த வகையின் இலக்கணம். ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1979-ல் அதே ஜப்பானில் எடுத்த பதிவிலோ பாடகரின் குரலைப் பிறகு ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்தார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. 'நேரடி' என்று அட்டையில் போட்டிருப்பதால் எல்லாமே நேரடி என்று நம்பிவிட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அயர்ன் மெய்டனின் புகழ்பெற்ற நேரடிப் பதிவு 1985-ல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்'. பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. 80-களிலும் 90-களிலும் இந்தியாவில் மெட்டல் கேட்டவர்களுக்கு இந்த மாதிரிப் பதிவுகள்தான் கச்சேரி. பெரிய குழுக்கள் இந்தப் பக்கம் அரிதாகவே எட்டிப் பார்த்த காலம். யாரோ ஒருவரின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட்டைக் காலி கேசட்டில் நகல் எடுத்து, அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்துக் கேட்டார்கள். நாலாவது நகலில் கிட்டார் எது, இரைச்சல் எது என்று பிரித்தறிவதே ஒரு கலை! லாங் பீச் என்ற ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் அந்த ஊர்க் கூட்டம் எந்த இடத்தில் கத்தும் என்று மனப்பாடம்.

அந்தக் காத்திருப்பு 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் முடிந்தது. அயர்ன் மெய்டன் இந்தியாவில் நடத்திய முதல் கச்சேரி அது. டெல்லியின் பரிக்ரமா குழு அவர்களுக்கு முன்னால் வாசித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவில் வாசிக்கும் வாய்ப்பும் பரிக்ரமாவுக்குக் கிடைத்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பெங்களூர் ஒரு இரவுப் பயணம்தான். மாலையில் திருப்பூரில் ரயில் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம்.

அடுத்த ஆண்டு மும்பை. இதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு கொஞ்சம் பைத்தியக்காரத்தனமானது. ஒரு போயிங் 757 விமானத்தை வாடகைக்கு எடுத்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றி, சுமார் 12 டன் மேடைச் சாமான்களை ஏற்றினார்கள். ஆட்களும் அதே விமானத்தில். ஓட்டியது யார் தெரியுமா? பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன்! அவர் விளையாட்டுக்கு விமானம் ஓட்டியவர் அல்ல, அஸ்ட்ரேயஸ் என்ற விமான நிறுவனத்தில் முறையான பைலட். 45 நாட்களில் 23 கச்சேரிகள், சுமார் 50,000 மைல். இதை சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்ற இரண்டு கனடாக்காரர்கள் கூடவே பறந்து படம் பிடித்தார்கள். 2008 பிப்ரவரி 1, பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ் மைதானத்தில் முதல் கச்சேரி. அங்கிருந்து பெர்த், மெல்போர்ன், சிட்னி, டோக்கியோ என்று போய் மார்ச் 16 அன்று டொராண்டோவில் முதல் சுற்று முடிந்தது.

இசைத்தட்டு தயாரித்தபோது ஒரே இரவின் கச்சேரியைப் போடவில்லை. 16 பாட்டுக்கு 16 ஊர்கள். மேடையில் பாடும் வரிசை ஏறக்குறைய அப்படியே, ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு ஊர்க் கூட்டம். மேடையில் முதல் பாட்டு 'ஏசஸ் ஹை'. பயணத்தில் முதல் ஊர் மும்பை. இரண்டும் பொருந்திப்போனது. 20 வருடங்களாகத் தேய்ந்த கேசட்டில் லாங் பீச் கூட்டத்தைக் கேட்டவர்களின் கூச்சல், இப்போது உலகம் முழுவதும் விற்கும் இசைத்தட்டில் முதல் கூச்சலாக வந்தது.

சரி, இதில் வரலாறு எங்கே? பாட்டுக்கு முன்னால் வருகிறதே, அதில்தான்.

1985 தட்டிலும் சரி, 2009 தட்டிலும் சரி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கிழவரின் குரல் கேட்கும். வின்ஸ்டன் சர்ச்சில். கடற்கரைகளில் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம் என்ற பொருளில் அவர் பேசிய புகழ்பெற்ற பேச்சு. அது முடிந்ததும் கிட்டார்கள் வெடிக்கும். 'ஏசஸ் ஹை' 1940-ல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றிய பாட்டு என்பதால் இந்த முன்னுரை. (கறாராகப் பார்த்தால் அந்தப் பேச்சு டன்கர்க்கிலிருந்து படைகள் தப்பி வந்த சமயத்தில் பேசியது. வானத்துச் சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.)

லாங் பீச்சில் இது வெறும் முன்னுரை. மும்பையில் அப்படியா?

1931-ல் காந்தியை 'அரை நிர்வாணப் பக்கிரி' என்று ஏளனம் செய்தவர் இதே சர்ச்சில். இந்தியாவுக்குக் கொஞ்சம் சுயாட்சி கொடுக்கலாம் என்று சொந்தக் கட்சி நினைத்ததற்கே கோபித்துக்கொண்டு, அதே ஆண்டு அதன் தலைமைக் குழுவிலிருந்து விலகினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1932 ஜனவரியில், காந்தி கைது செய்யப்பட்டதை எதிர்த்துத் திருப்பூரில் ஒரு ஊர்வலம் போனது. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன் அதில் கொடியோடு நடந்தார். ஜனவரி 10 அன்று போலீஸ் தடியடி. மண்டை உடைந்தும் கொடியை விடவில்லை. மறுநாள் இறந்தார். வயது 27. ரயிலைவிட்டு இறங்கினால் அவருடைய நினைவிடம் பக்கத்திலேயே இருக்கிறது. சர்ச்சில் பிரதமராக இருந்த 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம். தானியம் அனுப்பக் கப்பல் ஒதுக்குவதில் அவருடைய அமைச்சரவை காட்டிய அலட்சியம் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

அந்த மனிதரின் குரல் இந்திய மண்ணில் பெரிய ஒலிபெருக்கிகளில் முழங்குகிறது. ஆயிரக்கணக்கான இந்தியப் பையன்கள் கையை உயர்த்திக் கத்துகிறார்கள். இது அவமானமா?

கோபப்படுவதற்கு முன் பதிவைக் கவனமாகக் கேட்க வேண்டும். கூட்டம் சர்ச்சிலுக்காகக் கத்தவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்ததால் கத்துகிறது. பள்ளி நாட்களிலிருந்து அந்தப் பேச்சை ஒரு பாட்டின் தொடக்கமாக மட்டுமே கேட்டவர்கள் அவர்கள். சினிமா தியேட்டரில் விளக்கு அணையும்போது விசில் அடிக்கிறோமே, விளக்குக்காகவா அடிக்கிறோம்? சர்ச்சில் எந்த மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் யோக்கியதை இல்லை என்று வாதிட்டாரோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அவரை ஒரு பாட்டுக்கு மணி அடிக்கிறவராக ஆக்கிவிட்டார்கள். இதற்காகக் குழுவைக் குறை சொல்வதும் சரியாகாது. வெள்ளையர்கள் அமெரிக்கப் பழங்குடிகளைக் கொன்று குவித்ததை அந்தப் பழங்குடிகளின் வாயாலும் சொல்லும் பாட்டு ('ரன் டு தி ஹில்ஸ்', 1982) இவர்களுடையதுதான்.

இருந்தாலும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. 'தி ட்ரூப்பர்' பாட்டுக்கு டிக்கின்சன் பழைய பிரிட்டிஷ் சிப்பாய் உடையில் வந்து யூனியன் ஜாக் கொடியை வீசுவது வழக்கம். குமரன் பெயரில் ரோடு இருக்கும் ஊரிலிருந்து போகிற ஒருவர் அந்தக் கொடியைப் பார்த்து ஒரு நொடியாவது யோசிக்காமல் கை தட்டினால், அது மறதியா, பெருந்தன்மையா? இரண்டும் கலந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தட்டில் அந்தப் பாட்டுக்கு டோக்கியோ பதிவைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கொடிக்கு மும்பை என்ன செய்தது என்பதை இசைத்தட்டு சொல்லாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பாராளுமன்றத்தில் பேசியபோது அதை யாரும் பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் பாராளுமன்றப் பேச்சு வானொலியில் ஒலிபரப்பானதும் கிடையாது. அன்று இரவு பிபிசியில் செய்தி வாசிப்பவர்தான் சில பகுதிகளைப் படித்தார். இன்று நாம் கேட்கும் குரல், சர்ச்சில் 1949-ல் தன் வீட்டில் உட்கார்ந்து இசைத்தட்டுக்காக மறுபடி வாசித்தது! ஒன்பது வருடம் கழித்து, போர் ஜெயித்த பிறகு, இந்தியா கையைவிட்டுப் போன பிறகு. ஜூடாஸ் ப்ரீஸ்ட் மேல் என்ன புகார் சொன்னார்களோ, அதையேதான் சர்ச்சிலும் செய்திருக்கிறார்.

ஆக 'ஃப்ளைட் 666' தட்டின் தொடக்கத்தில் இரண்டு ஒலிகள். ஒன்று, நேரடி மாதிரி கேட்கும் ஆனால் நேரடி இல்லாத சர்ச்சில். மற்றது, அவருடைய குரலை அமுக்கிக்கொண்டு எழும் நிஜமான மும்பை. அடுத்த பாட்டு தொடங்கும்போது கூட்டம் மெல்போர்ன் கூட்டமாகிவிடுகிறது.