ஒரே மேசை, இருவேறு நீதி: இங்கிலாந்தில் டாக்சி ஓட்டுநர் உரிமமும் மதுக்கூட உரிமமும்

மூன்று கவுன்சிலர்கள் நீள மேசையின் பின்னால் அமர்கிறார்கள். பக்கத்தில் நகராட்சி மன்றத்தின் சட்ட ஆலோசகர், குறிப்பெழுத ஓர் அலுவலர். முதல் பொருள், ஒரு பப்பின் (மதுக்கூடத்தின்) உரிமம். எதிர்வீட்டுக்காரர் இரவுச் சத்தத்தைப் பற்றி முறையிடுகிறார். பப் நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். கடைசி வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகையாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த பொருள் வந்ததும் தலைவர் ஒரு தீர்மானத்தை வாசிக்கிறார்: பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் வெளியேற வேண்டும். அறை காலியாகிறது. தாள்கள் அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் உறையுடன், துணைக்கு ஒருவரும் இல்லாமல், டாக்சி ஓட்டுநர் உள்ளே வருகிறார். இங்கிலாந்தின் பல நகராட்சி மன்றங்களில் இது வாடிக்கையான காட்சி.

கதவு சாத்தப்படுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு தனிநபரைப் பற்றிய தகவல் என்றால் கூட்டத்தை மூடிய அறையில் நடத்த 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 12ஏ அட்டவணை அனுமதிக்கிறது. மதுக்கூட விசாரணைகளுக்கான 2005-ஆம் ஆண்டு விதிகளோ விசாரணையைப் பொதுவில்தான் நடத்த வேண்டும் என்கின்றன. மூடுவதற்கு வலுவான பொதுநலக் காரணம் தேவை. ஓட்டுநரின் பழைய குற்றப் பதிவும் குடும்ப நிலையும் ஊர் வாயில் விழக்கூடாது என்பது நியாயமான அக்கறை. ஆனால் அந்த அக்கறைக்கு ஒரு விலை உண்டு. என்ன காரணத்துக்காக ஒருவருடைய உரிமம் பறிபோனது, அதே குற்றம் செய்த இன்னொருவருக்கு ஏன் பறிபோகவில்லை என்பதை ஊரில் எவரும் அறிய முடிவதில்லை. ஓட்டுநர்களுக்கே தெரிவதில்லை.

இந்தக் கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்: பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு ஓட்டுநர்களிடம் சட்டம் காட்டும் கண்டிப்பு சரியானது, அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் அந்தக் கண்டிப்பை நடைமுறைப்படுத்தும் முறை, ஒரு பப்புக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச நியாயத்தைக்கூட ஓட்டுநருக்குத் தருவதில்லை. கண்டிப்பு வேறு, முறைகேடு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் போக வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. மது உரிமம் வழங்கும் அதிகாரம் நெடுங்காலம் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் அதை உள்ளாட்சி மன்றங்களுக்கு மாற்றியது; 2005 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், குழந்தைகளைக் காத்தல் என்ற நான்கு நோக்கங்களை வைத்து, விசாரணை முறையையும் கால வரம்புகளையும் விரிவாக எழுதிய புதிய சட்டம் அது. டாக்சியின் கதை வேறு. லண்டனுக்கு வெளியே, தெருவில் கைகாட்டி ஏறும் டாக்சிகளை இன்றும் ஆள்வது குதிரை வண்டிகளுக்காக 1847-இல் இயற்றிய நகரக் காவல் விதிகள் சட்டம். அதன்மேல் 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஓர் ஒட்டுப்போல் அமர்ந்திருக்கிறது. இந்தப் பழைய சட்டங்களில் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு விரிவான விதி கிடையாது.

தொடக்கப் புள்ளியே இரண்டுக்கும் எதிரெதிர். பப் உரிமத்துக்கு விண்ணப்பம் வந்து, உரிய ஆட்சேபம் எதுவும் வராவிட்டால் மன்றம் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கடை வைத்து மது விற்கும் ஈழத் தமிழர்களுக்கு இந்த விதி நன்றாகப் பழக்கம். அண்டை வீட்டாரும் போலீசாரும் பேசாமல் இருந்தால் உரிமம் வந்துவிடும். ஓட்டுநர் விஷயத்தில், அவர் தகுதியும் நேர்மையும் உடையவர் என்று மன்றத்துக்கு மனநிறைவு ஏற்படாதவரை உரிமம் வழங்கவே கூடாது என்கிறது 1976 சட்டம். நிரூபிக்கும் சுமை முழுக்க ஓட்டுநரின் தோளில்.

இது ஏன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு ராதரம் நகரம் சாட்சி. 1997 முதல் 2013 வரை அந்நகரில் ஏறத்தாழ 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாகப் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் 2014 ஆகஸ்ட் அறிக்கை மதிப்பிட்டது. பள்ளி வாசலிலிருந்தும் குழந்தைகள் காப்பகத்திலிருந்தும் பெண் குழந்தைகளை ஏற்றிச் சென்றதில் டாக்சிகளின் பங்கு அந்த அறிக்கையில் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த பிப்ரவரியில் லூயிஸ் கேசியின் ஆய்வு வெளிவந்தபோது, தகுதியானவர்கள் மட்டுமே உரிமம் பெறுவதை உறுதிசெய்ய அந்த மன்றம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது பட்டவர்த்தனமானது. அரசு ஆணையர்களை அனுப்பி மன்றத்தின் அதிகாரங்களைக் கையில் எடுத்துக்கொண்டது. டாக்சி உரிமம் வழங்குவதும் அவற்றில் ஒன்று. பிறகு வந்த புதிய கொள்கை டாக்சிகளுக்குள் கண்காணிப்புக் கேமராவைக் கட்டாயமாக்கியது. பப்பில் தொல்லை என்றால் நாலு பேர் பார்க்க நடக்கும். ஓடும் காரின் பின்னிருக்கையில் தனியாக இருக்கும் பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கதவைத் திறக்கும் வழிகூட இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி யாரும் பேச முடியாது.

நீதிமன்றங்களும் இதே திசையில்தான் சென்றன. ரஷ்க்ளிஃப் மன்றம் தொடர்பான 1998-ஆம் ஆண்டு வழக்கில், பெண் பயணி ஒருவரிடம் தவறாக நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு உரிமம் மறுத்ததைத் தலைமை நீதிபதி பிங்கம் பிரபு ஏற்றார். குற்ற வழக்கில் விடுதலை என்பது உரிமத்துக்குத் தகுதி என்றாகிவிடாது. கேள்விப்பட்ட சாட்சியத்தையும் மன்றம் எடைபோடலாம் என்றார். லீட்ஸ் வழக்கில் 2002-இல் இன்னும் ஒரு படி மேலே போனது உயர் நீதிமன்றம்: உரிமம் போனால் ஓட்டுநரின் குடும்பம் என்னவாகும் என்பதைப் பொதுவாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. போக்குவரத்துத் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட சட்டபூர்வத் தரநிலைகள் இதை எல்லோருக்கும் புரியும் ஒரே கேள்வியாக்கின. நமக்கு வேண்டிய ஒருவரை, பகலோ இரவோ, இந்த ஓட்டுநரின் காரில் தனியாக அனுப்புவோமா? மாட்டோம் என்று மனம் சாய்ந்தால் உரிமம் இல்லை. சந்தேகத்தின் பலன் ஓட்டுநருக்குக் கிடையாது.

இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. முறைகேடு தொடங்குவது நேரத்தில்.

ஒரு மன்றம் ஓட்டுநரின் உரிமத்தை ரத்து செய்தால், வழக்கமாக 21 நாள் கழித்தே அது அமலாகும். அதற்குள் மேல்முறையீடு செய்தால் தீர்ப்பு வரும்வரை வண்டி ஓட்டலாம். பொதுப் பாதுகாப்புக்கு அவசியம் என்று கருதினால் அந்த நிமிடமே அமலாக்கும் அதிகாரத்தை 2006-ஆம் ஆண்டு சாலைப் பாதுகாப்புச் சட்டம் சேர்த்தது. அதிகாரம் தேவைதான். ஆனால் பல மன்றங்களில் இந்த முடிவை எடுப்பது கவுன்சிலர் குழு அல்ல, ஓர் அலுவலர். 2020 தரநிலைகளும் அப்படி அதிகாரம் ஒப்படைக்கவே பரிந்துரைக்கின்றன. புகார் வந்த அன்றே கடிதம் போகிறது. ஓட்டுநர் அன்றே வாகனத்தை நிறுத்துகிறார். அதன்பின் அவர் கதையைக் கேட்க மன்றத்துக்குக் கால வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இடைநிறுத்தி வைத்து, விசாரித்துப் பிறகு முடிவெடுக்கலாமே என்றால், இடைநிறுத்தமும் ஓர் இறுதி முடிவுதான், காத்திருப்பதற்கான இடைக்கால ஏற்பாடு அல்ல என்று 2012-இல் கார்டிஃப் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே புகாரின் உண்மை தெளியாத முதல் நாளிலேயே அலுவலர் கடைசி முடிவை எடுக்க வேண்டிய நிலை.

மதுக்கூடத்துக்கு இதே நிலைமை வந்தால்? கடுமையான குற்றம் நடந்ததென்று மூத்த போலீஸ் அதிகாரி சான்றளித்தால், அவசர மறுஆய்வு என்ற வழி இருக்கிறது. மன்றம் உடனே உரிமத்தை நிறுத்திவைக்கலாம். உரிமம் வைத்திருப்பவர் எதிர்ப்புத் தெரிவித்தால் 48 மணி நேரத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும். முழு மறுஆய்வு 28 நாளுக்குள். சாதாரண மறுஆய்வில் மேல்முறையீடு முடியும்வரை கடை திறந்தே இருக்கும். மது விற்பவரின் தனிநபர் உரிமத்தைப் பறிக்க 2017-இல் மன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தபோதும், மேல்முறையீடு முடியும்வரை அந்த முடிவு அமலாகாது என்று நாடாளுமன்றம் கவனமாக எழுதிவைத்தது.

லண்டனின் இஸ்லிங்டன் மன்றத்தில் ஃபேப்ரிக் என்ற இரவு விடுதிக்கு நேர்ந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2016-இல் பதினெட்டு வயது இளைஞர்கள் இருவர் போதைப்பொருளால் இறந்தார்கள். ஆகஸ்டில் போலீசார் அவசர மறுஆய்வு கேட்டார்கள், உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. செப்டம்பர் 6 மாலை தொடங்கிய விசாரணை நள்ளிரவைத் தாண்டி, மறுநாள் அதிகாலையில்தான் ரத்து என்ற முடிவோடு கலைந்தது. அறை நிறைய ஆட்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது செய்திகளில் வந்தது. ஆதரவாளர்கள் 3,00,000 பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். நவம்பர் 21-இல் மேல்முறையீடு விசாரணைக்கு முன்பே சமரசம் ஏற்பட்டது: அடையாள அட்டை சோதனை, பத்தொன்பது வயதுக்குக் கீழானவர்களுக்கு அனுமதியில்லை, போதைப்பொருளோடு பிடிபட்டால் வாழ்நாள் தடை. 2017 ஜனவரியில் விடுதி மீண்டும் திறந்தது. இரண்டு உயிர் போன இடத்துக்கே இவ்வளவு விசாரணை, இவ்வளவு வெளிச்சம், திருந்தி வர ஒரு வழி. அது தவறே இல்லை. அதில் ஒரு பங்காவது ஓட்டுநருக்கு வேண்டாமா என்பதே கேள்வி.

பெரிய நிறுவனத்துக்கும் தனி ஓட்டுநருக்கும் உள்ள தூரத்தை ஊபர் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. லண்டனில் வாடகைக் கார்களுக்கு உரிமம் வழங்குவது நகராட்சி மன்றங்கள் அல்ல, லண்டன் போக்குவரத்து ஆணையம். சட்டமும் 1998-இல் வந்த தனிச் சட்டம். 2017 செப்டம்பரில் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க ஆணையம் மறுத்தது. 2018 ஜூனில் நீதிமன்றம் 15 மாத உரிமம் தந்தது. 2019 நவம்பரில் மீண்டும் மறுப்பு: அங்கீகாரம் இல்லாதவர்கள் வேறு ஓட்டுநர்களின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றி, குறைந்தது 14,000 பயணங்கள் ஓட்டியிருந்தார்கள். 2020 செப்டம்பரில் நீதிமன்றம் 18 மாதத்துக்கு உரிமம் கொடுத்தது. தகுதியில்லை என்று இரண்டு முறை அறிவித்த இந்த மூன்று ஆண்டில், லண்டன் தெருக்களில் அந்நிறுவனம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. புதுப்பிக்க மறுப்பதும் ரத்து செய்வதும் சட்டப்படி ஒன்றல்ல என்பது உண்மை. இருந்தாலும் பாதுகாப்பு என்ற ஒரே சொல், ஒருவரை அன்றே வீட்டுக்கு அனுப்புகிறது. இன்னொருவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது.

வெளிப்படையாக நடப்பதன் பயன் விசாரணைக்கு ஆளானவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. விர்ரல் பகுதியில் சாகல் ஹோட்டல் என்ற பப்பின் திறப்பு நேரத்தை, போலீசாரின் ஆட்சேபம் இல்லாதபோதும், அச்சத்தின் பேரில் மேல்முறையீட்டில் மாஜிஸ்திரேட்டுகள் குறைத்தார்கள். ஊகத்தை ஆதாரமாக்க முடியாது என்று 2008-இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. சோஹோவின் பெர்விக் தெருவில் பப்புக்கு வெளியே நின்று குடிப்பவர்களின் சத்தம் பற்றிய வழக்கில், அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று எடைபோடும் உள்ளூர் மன்றத்தின் முடிவுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மன்றம் சொல்லும் காரணம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு மதிப்பு அதற்கு. இந்தத் தீர்ப்புகளைப் படித்துத்தான் இன்று கவுன்சிலர்கள் மதுக்கூட வழக்கில் காரணங்களை எழுதப் பழகியிருக்கிறார்கள். ஓட்டுநர் முடிவுகளுக்கு அந்தப் பயிற்சி அமையவில்லை. பூட்டிய அறையின் காரணங்களைப் படிப்பவர் யார்?

காரணங்கள் வெளியே தெரியாததன் விளைவு ஓர் ஊரின் எல்லையோடு நிற்பதில்லை. இங்கிலாந்தில் டாக்சி உரிமம் வழங்கும் அமைப்புகள் 250-க்கும் மேல். ஓர் ஊரில் மறுக்கப்பட்டவர் பக்கத்து ஊரில் உரிமம் வாங்கி, மறுத்த ஊரிலேயே வந்து வண்டி ஓட்ட முடிந்தது. 2022-இல் வந்த சட்டம் ரத்து, மறுப்பு, இடைநிறுத்தம் ஆகியவற்றை ஒரே மையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது. அது மன்றங்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் பதிவேடு, பொதுமக்கள் பார்ப்பதற்கல்ல. வெளியூர் உரிமத்தோடு ஓடும் டாக்சிகளுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று கேசியே 2025 ஜூனில் குழந்தைகள் மீதான குழுப் பாலியல் சுரண்டல் குறித்த தமது தேசியத் தணிக்கையில் வலியுறுத்த வேண்டியிருந்தது.

ஓட்டுநர்களுக்கு ஒரு வழி கூடுதலாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தோற்றால் அவர்கள் கிரவுன் நீதிமன்றம் வரை போகலாம். பப்புக்காரருக்கு அந்தப் படி கிடையாது. ஆனால் வாரக் கூலியில் கார்த் தவணை கட்டுபவர், வருமானம் நின்ற மறுமாதமே கார் இழப்பவர், இரண்டு நீதிமன்றம் ஏறி இறங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருக்குத் தேவை, உயர்ந்த நீதிமன்றம் அல்ல, சீக்கிரம் காது கொடுக்கும் ஒரு மேசை.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் இல்லை. உடனடி ரத்து அதிகாரம் அப்படியே இருக்கட்டும். ஓட்டுநர் கேட்டால் 48 மணி நேரத்துக்குள் மூன்று கவுன்சிலர்கள் முன் விசாரணை, 28 நாளுக்குள் முழு முடிவு என்ற மதுக்கூடக் கால வரம்பை 1976 சட்டத்திலும் எழுத வேண்டும். ஒவ்வொரு மன்றமும் ஓட்டுநர் உரிம முடிவுகளைப் பெயர், அடையாளம் நீக்கி, காரணத்தோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவ்விரண்டில் பின்னதைச் செய்யப் புதுச் சட்டம் தேவையில்லை. எந்த மன்றமும் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுத் தொடங்கலாம்.