தேக்காவிலிருந்து ஒரு கோரிக்கை

சிங்கப்பூரின் தேக்காவில் நிற்கும் ஒருவர் கைப்பேசியில் ‘.சிங்கப்பூர்’ என முடியும் தமிழ் முகவரியைத் தட்டுகிறார். ஒரு கோரிக்கை பிறக்கிறது. அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு விநாடிகூட இல்லை.

முதல் தடை பெயர். இணையத்தின் பெயர்த் தேடல் அமைப்பான டிஎன்எஸ், ஆங்கில எழுத்துகளை நம்பியே வளர்ந்தது. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழு அந்த அமைப்பில் கைவைக்கவில்லை. நடுவே ஒரு மாற்றியை அமர்த்திப் பிறமொழிப் பெயர்களை ஓடவிட்டது. 2003இல் இதற்கான உலகத் தரம் வந்தது. 2011இல் ‘.சிங்கப்பூர்’ இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறியது. இன்று உலாவியே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக் கோவையாக்கி அனுப்பிவிடுகிறது.

அடுத்து, கோரிக்கை சர்வரை அடைகிறது. அங்கே அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் இருப்பதாகக் கொள்வோம். ராபர்ட் தாவ் வகுத்த, நிரல் துண்டுகளைச் செருகும் மாட்யூல் அமைப்போடு அதன் 1.0 பதிப்பு 1995 டிசம்பர் 1 அன்று வந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் உழைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இணையம் ஏறியது.

அப்பாச்சிக்குள் கோரிக்கை பல கட்டங்களைக் கடக்கிறது: முகவரிக்குரிய கோப்பு எது, கேட்பவருக்கு அனுமதி உண்டா, கோப்பின் வகை என்ன, பதிலை யார் தருவது, கடைசியாகப் பதிவேட்டில் ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கொக்கி உண்டு. நாம் சி மொழியில் எழுதும் மாட்யூல், தனக்கு வேண்டிய கொக்கியில் தன் செயற்கூற்றை மாட்டிக்கொள்கிறது. கோரிக்கை வந்ததும் அது ‘முடித்துவிட்டேன்’ எனலாம். ‘இது என் வேலையல்ல’ என்று அடுத்த மாட்யூலுக்கு விடலாம். பிழை சொல்லித் திருப்பியும் அனுப்பலாம். சர்வரின் மூல நிரலில் ஒரு வரியும் மாறுவதில்லை.

2002இல் வந்த 2.0 பதிப்பு, வெளியேறும் பதிலையும் வழியில் மாற்றும் வடிகட்டிகளைத் தந்தது. தமிழுக்கு இது பெரிய வசதி. 1990களில் தளத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு என்று தமிழ் சிதறிக் கிடந்தது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இந்தச் சிக்கலைத்தான் பேசியது. டிஸ்கி என்ற அக்காலத்துத் தமிழ்க் குறியீட்டில் அமைந்த பக்கம் ஒன்று சர்வரில் அப்படியே இருக்கட்டும். அது வெளியேறும்போது ஒரு வடிகட்டி யூனிகோடாக மாற்றித் தரும். டிஸ்கியைப் படிக்கும் மாற்றுநிரல் லினக்ஸின் அடிப்படை நூலகத்திலேயே இருக்கிறது.

தேக்காவில் நிற்பவரின் திரையில் தமிழ் தெளிவாக விரிகிறது. கோரிக்கையின் வாழ்வு முடிந்தது.

பிறர் கட்டிய அமைப்பில் திறந்து வைத்த இடங்களைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்துதான் தமிழ் இணையத்தில் காலூன்றியது. கணினி படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு சிறு மாட்யூலாவது எழுதிப் பழகட்டும். பழைய குறியீடுகளில் அடைபட்ட தமிழ்ப் பக்கங்களை மீட்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.