தேறும் நாட்களைக் காத்த மக்கள்



நோய் நீங்கிய நாளுக்கும் உடல் பழைய பலத்தை அடையும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நாம் அதை எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த இடைவெளியின் ஆபத்துக்கு ஒரு பெயரிட்டு, அதைக் காப்பதற்கென்றே முறைமைகளை ஏற்படுத்திக்கொண்ட மக்களின் வரலாற்றை இந்த வாரம் சிந்திப்போம்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் தகாலோக் மொழி பேசுவோர் அதைப் 'பினாட்' என்பர். விசயத் தீவினர் 'புக்ஹத்' என்றும், வட லூசோனின் இலோக்கானோ மக்கள் 'பெக்னாட்' என்றும் அழைப்பர். காய்ச்சலிலிருந்தோ பிரசவத்திலிருந்தோ எழுந்தவர், முழுவதும் தேறுமுன் பளு தூக்கினாலும், துணி துவைத்தாலும், குளிர்ந்த நீரில் குளித்தாலும், மனக்கவலையால் நொந்தாலும் நோய் திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று நம் பாட்டிமார் காத்தது உங்கள் நினைவுக்கு வரலாம்.

அவ்வாறு நோய் திரும்பினால் 'சுவோப்' செய்வார்கள். தணலின்மேல் மூலிகைகளை இட்டு, போர்வை போர்த்திய நோயாளிக்குப் புகையோ ஆவியோ பிடிக்கச் செய்வதே அது. பிள்ளை பெற்றவளை 'லகுந்தி', 'சம்போங்' இலைகளை வேகவைத்த வெந்நீரில் குளிப்பாட்டுவார்கள். லகுந்தி வேறொன்றுமன்று, நம் வேலியோரத்து நொச்சியே. 'ஹிலோட்' என்னும் கைமருத்துவம் அறிந்த முதியவள் எண்ணெய் தடவி உடலை நீவிவிடுவாள்; வயிற்றைத் துணியால் கட்டுவாள். கோழிச்சாற்றில் முருங்கைக்கீரை இட்டுத் தாய்க்குக் கொடுப்பார்கள்.

1565இல் ஸ்பானியர் ஆட்சி அங்கே வேரூன்றத் தொடங்கியபோது, விசயத் தீவுகளில் 'பாபாய்லான்' என்றும், தகாலோக் நாட்டில் 'கத்தலோனான்' என்றும் அழைக்கப்பட்டவர்கள் நோய் தீர்ப்போராகவும் பூசாரிகளாகவும் விளங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1589இல் தகாலோக் மக்களின் வழக்கங்களை எழுதிய பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் தெ பிளாசென்சியா, அவர்களைப் பிசாசின் ஊழியக்காரர் பட்டியலில் சேர்த்தார். ஆயினும் 1712இல் மணிலாவில், பவுல் கிளைன் என்னும் இயேசு சபைக் குரு, மருத்துவர் இல்லாத ஊர்களுக்கென ஒரு மருத்துவ நூலை வெளியிட்டபோது, அத்தீவுகளின் செடிகொடிகளையே அதில் மருந்தாகப் பரிந்துரைத்தார். பூசாரியின் பலிச்சடங்கு தடுக்கப்பட்டது. அடுக்களையின் பராமரிப்போ தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. இன்றும் பல ஹிலோட் மருத்துவச்சிகள் சிலுவை அடையாளமிட்டு, கிறிஸ்தவ ஜெபம் சொல்லியே நோயாளியைத் தொடுகிறார்கள். 1997இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் அரசும் பாரம்பரிய மருத்துவத்திற்கு இடமளித்தது.

ஆனால் பிரியமானவர்களே, இதில் ஓர் எச்சரிப்பும் உண்டு. பிரசவித்த பெண்ணுக்கு வரும் காய்ச்சல் கிருமித்தொற்றாக இருக்கலாம். தீராத துயரம் மனநோயாக இருக்கலாம். 'பினாட்தான்' என்று வீட்டிலேயே வைத்துப் புகை போட்டுக்கொண்டிருந்தால் உயிருக்கே கேடு வரும். அப்போது மருத்துவமனைக்கு விரைவதே விவேகம். மேலும், ஓய்ந்திருக்க வசதியற்ற ஏழைப் பெண், நோய் திரும்பியதும் 'நீயே வருவித்துக்கொண்டாய்' என்ற பழியையும் சுமக்கிறாள். 2019இல் அந்நாட்டின் சட்டம், 60 நாட்களாக இருந்த சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பை 105 நாட்களாக உயர்த்தியது. சமூகக் காப்பீட்டில் பதிவில்லாத தினக்கூலிப் பெண்ணுக்கோ அந்தச் சம்பளம் கிட்டுவதில்லை. அவளுக்கு ஓய்வு தரவேண்டியவர்கள் அண்டை வீட்டாரே.

இங்கே நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். சுகம் பெற்றவர் ஆராதனையில் சாட்சி சொன்னதும் நாம் கைதட்டுகிறோம்; மறுவாரமே பாடகர் குழுவிலும் சமையல் பொறுப்பிலும் அவர் பெயரை எழுதுகிறோம். பேதுருவின் மாமி எழுந்தவுடன் பணிவிடை செய்ததை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவரோ, அவளிடம் வேலை எதையும் கேட்கவில்லை. அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னார். அற்புதத்துக்குப் பின்னும் ஒரு கிண்ணம் உணவு தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்த வாரம் உங்கள் தெருவில் நோயிலிருந்து எழுந்தவர் ஒருவர் இருப்பார். 'சுகமா?' என்று கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவர் வீட்டுக் குடத்தை நிரப்புங்கள். துணிகளைத் துவைத்துக் கொடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலையின் பளுவை நீங்கள் சுமந்தால், அவர் உடல் தன் வேலையைச் செய்யும்.

தேறிவரும் யாவரையும் கர்த்தர் தாங்குவாராக. ஆமென்.