ஹீலியத் துளியில் அண்டத்தின் தழும்புகள்

அண்டம் தோன்றிய கணத்தைச் சோதனைச் சாலைக்குள் கொண்டுவர இயலாது. ஆயினும், அப்போது நிகழ்ந்திருக்கக்கூடிய ஒன்றைக் கடுங்குளிரில் வைத்த சிறிதளவு ஹீலியத்தில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு வித்திட்ட இயற்பியலாளர் டாம் கிப்பிள் 1932-இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தந்தை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நம் மண்ணோடு இத்துணைத் தொடர்புடைய ஒருவரை நாம் போதிய அளவு அறிந்துகொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

பெருவெடிப்புக்குப் பின் அண்டம் குளிர்ந்தபோது, நீர் உறைவதையொத்த நிலைமாற்றங்கள் நிகழ்ந்திருக்க வேண்டும். எந்தச் செய்தியும் ஒளியைவிட விரைந்து பரவாது. ஆகவே, தொலைவிலிருந்த பகுதிகள் ஒன்றையொன்று அறியாமல் தத்தம் போக்கில் ஒழுங்கடைந்திருக்கும். ஒரே வயலில் பல முனைகளிலிருந்து கயிறு பிடிக்காமல் நாற்று நட்டால், வரிசைகள் கூடுமிடத்தில் பொருந்தாமல் போகுமல்லவா? அத்தகைய பொருந்தாமைகள் 'அண்ட இழைகளாக' எஞ்சியிருக்கலாம் என்று 1976-இல் கிப்பிள் கூறினார்.

உராய்வின்றி ஓடும் மீப்பாய்மத்திலும் இதுவே நிகழும், அங்கே இழைக்குப் பதிலாகச் சுழல்கள் தோன்றும் என 1985-இல் வோய்செக் சூரெக் சுட்டிக்காட்டினார். குளிரும் வேகம் கூடினால் சுழல்களும் பெருகும் என்பது அவரது கணிப்பு.

1996-இல் கிரெனோபிளிலும் ஹெல்சிங்கியிலும் இரு குழுக்கள் மீப்பாய்ம ஹீலியம்-3 மீது நியூட்ரான்களைச் செலுத்தின. நியூட்ரானை விழுங்கும் அணுக்கரு ஆற்றலை உமிழ, நுண்ணிய ஓரிடம் மட்டும் சூடேறி மீப்பாய்மத் தன்மையை இழந்து, மைக்ரோ நொடிகளில் மீண்டும் குளிர்ந்தது. ஹெல்சிங்கியில் சுழலும் கலத்தில் அவ்வாறு பிறந்த சுழல்களை எண்ணினர். கிரெனோபிளில், வெளிவந்த வெப்பம் கணக்கில் குறைந்தது. குறைந்த பகுதி சுழல்களில் சிக்கியிருப்பதாகக் கொண்டனர்.

எல்லாம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஹீலியம்-4-இல் சுழல்களைக் கண்டதாக 1994-இல் அறிவித்தனர். கருவியைச் செம்மைப்படுத்தி 1998-இல் மீண்டும் பார்த்தபோது அவை தென்படவில்லை. அதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டது போற்றத்தக்கது. இத்துறைக்கு அதிகம் கற்பித்தது அந்தத் தோல்விதான் என்பது நமது கருத்து.

கடுங்குளிர்க் கருவிகள் இல்லாமலும் இதை ஆராயலாம். புவனேசுவரம் இயற்பியல் நிறுவனத்தார் 1999-இல் திரவப் படிகங்களைக் கொண்டே குறைபாடுகள் உருவாகும் முறையைச் சோதித்தனர்.

ஹீலியம் உறுதிசெய்வது இழை பிறக்கும் வழியை மட்டுமே. வானில் இழை உண்டென்பதை அன்று. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளில் இழை எதுவும் தென்படவில்லை. 2023-இல் துடிப்பு விண்மீன்கள் வழியே அறியப்பட்ட ஈர்ப்பலைகளுக்கு அண்ட இழைகளும் காரணமாகலாம் எனச் சிலர் கருதினாலும், பெருங்கருந்துளை இணைகளையே பலரும் முதன்மையாகக் கருதுகின்றனர். 2016-இல் மறைந்த கிப்பிள் அந்த அறிவிப்பைக் காணவில்லை.